தொட்டால் முடிந்தது: குழந்தைகளும் நெடுந்தூரப் போட்டிகளும்

இந்த எபிசோடு ஒரு பிடிஎஃப்-ல ஆரம்பிக்குது.

போன மாதம் அக்கா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்ம் அனுப்பியிருந்தாள். "கொஞ்சம் படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுடா, நான் கையெழுத்துப் போடணும்." எங்க வீட்ல டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸைக் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஒரே ஆள் நான்தான். கோட் எழுதிப் பழகியவனுக்கு வந்த வியாதின்னு வெச்சுக்கோங்க.

விஷயம் இதுதான். குழந்தைகளுக்கான டிரையத்லான். அக்கா பொண்ணுக்கு 7 வயசு. அவள் பிரிவுக்கு 50 மீட்டர் நீச்சல், 2 கிலோமீட்டர் சைக்கிள், 500 மீட்டர் ஓட்டம். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் இடைவேளை கிடையாது. ஃபார்மில் இரண்டாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது: பந்தயப் பாதையில் இருக்கும் குழந்தையைப் பெற்றோர் தொடக்கூடாது, தொட்டால் அந்தக் குழந்தையின் போட்டி அதோடு முடிந்தது. அதற்குக் கீழே இன்னொன்று: தண்ணீரில் இருக்கும் லைஃப்கார்டு எந்த நேரத்திலும் குழந்தையை வெளியே எடுக்கலாம். அவர் முடிவே இறுதி.

இதை நான் சத்தமாகப் படித்தேன். ஹாலில் உட்கார்ந்திருந்த அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். "ஏழு வயசுப் புள்ளைக்கு எதுக்குடா இதெல்லாம்? வேணாம்னு சொல்லு உங்க அக்காகிட்ட."

அக்காவுக்குக் கோபம். "அம்பது மீட்டர்தான்ப்பா. அவ தினமும் நீந்துற தூரம்."

எனக்கு ஆச்சரியம் வேற இடத்துல. சின்ன வயசுல எனக்குக் குற்றாலீஸ்வரன் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னதே இந்த அப்பாதான். 12 வயசுப் பையன் கடலை நீந்திக் கடந்தான் என்று பெருமையோடு சொன்ன மனுஷன், 50 மீட்டர் குளத்துக்கு ஏன் பயப்படறார்? அந்தக் கேள்வியோட நான் படிக்க உட்கார்ந்தேன். படித்ததைத்தான் இன்னிக்குப் பேசப்போறேன். கடைசியில அப்பாவோட பதிலும் வரும்.

அகராதியில் இல்லாத வார்த்தை

முதல்ல டிரையத்லான் எங்கிருந்து வந்தது என்று பார்த்துடலாம்.

1920களிலேயே பிரான்ஸில் ஓட்டம், சைக்கிள், நீச்சல் மூன்றையும் சேர்த்த போட்டிகள் நடந்திருக்கின்றன. ஆனால் இன்று நமக்குத் தெரிந்த டிரையத்லானின் பிறந்த நாள் என்றால் 1974 செப்டம்பர் 25. ஊர், அமெரிக்காவின் சான் டியாகோ. மிஷன் பே என்கிற உப்பங்கழி ஓரம். சான் டியாகோ டிராக் கிளப்பைச் சேர்ந்த ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷனஹன் என்ற இரண்டு பேர், ஓடி ஓடிச் சலித்துப்போய், "கொஞ்சம் வித்தியாசமா ஏதாவது செய்வோம்" என்று ஏற்பாடு செய்த போட்டி அது. கோப்பையில் பெயர் பொறிக்கிற கடைக்காரர் ஜான்ஸ்டோனிடம், "இந்த வார்த்தைக்கு என்ன ஸ்பெல்லிங்? அகராதியில காணோமே" என்று கேட்டதாக ஒரு கதை உண்டு.

அன்று புதன்கிழமை சாயங்காலம். எல்லாரும் வேலை முடிந்து வந்தவர்கள். 46 பேர் கலந்துகொண்டார்கள். நீச்சல் கடைசிப் பகுதியில் வந்தது. மெதுவாகப் போனவர்கள் தண்ணீரில் இருக்கும்போதே இருட்டிவிட்டது. கரை எது என்று தெரிவதற்காகக் கார்களைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி ஹெட்லைட்டைப் போட்டு வெளிச்சம் காட்டினார்கள்.

அந்த 46 பேரில் ஒரு குடும்பம் இருந்தது. ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, அவர் மனைவி ஜூடி, பள்ளிக்கூட வயதில் இருந்த அவர்களுடைய மகள், மகன். நாலு பேரும் ஓடினார்கள், மிதித்தார்கள், நீந்தினார்கள். அதாவது, உலகத்தின் முதல் நவீன டிரையத்லானிலேயே பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கென்று தனிப் பிரிவு கிடையாது, தனித் தூரம் கிடையாது. "அப்பா அம்மா போறாங்க, நாங்களும் வர்றோம்" கதைதான்.

இதே காலின்ஸ் தம்பதி பிறகு ஹவாய்க்குப் போனார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று ஓவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் போட்டியை நடத்தினார்கள். சுமார் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்குமேல் ஒரு முழு மாரத்தான். 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் ஆனது. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் நுழைந்தபோது தூரம் குறைந்திருந்தது: 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம்.

இப்போது அயர்ன்மேனில் கலந்துகொள்ள 18 வயது ஆகியிருக்க வேண்டும். குழந்தைகளுக்குத் தனியாகச் சின்னச் சின்ன தூரங்கள். குடும்பத்தோடு ஜாலியாக ஆரம்பித்த ஒரு விஷயத்தில், பிள்ளைகளை எங்கே நிறுத்துவது என்ற கோடு பின்னால்தான் வந்தது. அந்தக் கோடு எப்படி வந்தது என்று புரியணும்னா டிரையத்லானை விட்டு நாம் கடலுக்குப் போகணும். ஏன்னா, தனி ஆளாக ஒரு குழந்தை மணிக்கணக்கில் உடம்பை வருத்துகிற கேள்வி அங்கேதான் முதலில் பெரிசாக எழுந்தது. அந்தக் கதையில நம்ம ஊர் ஆட்கள் நிறைய பேர் இருக்காங்க.

பாக் நீரிணையில் நீந்தியவர்கள்

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் கடல். மேப்பில் பார்த்தால் விரல் அகலம். ஆனால் நீரோட்டம் நேராகப் போக விடாது. ஜெல்லி மீன் வேறு.

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954-ல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். 1966 ஏப்ரலில் வங்காளத்து வக்கீல் மிஹிர் சென் நீந்தினார். இந்தியக் கடற்படைக் கப்பல்கள் கூடவே வந்தன. அவருக்கு 25 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதே ஆண்டில் ஜிப்ரால்டர், டார்டனெல்ஸ், பாஸ்பரஸ், பனாமா கால்வாய் என்று மொத்தம் ஐந்து நீந்தி முடித்தார். 1971-ல் வல்வெட்டித்துறை குமார் ஆனந்தன் பாக் நீரிணையைப் போகவும் வரவுமாக ஒரே மூச்சில் கடந்தார். அவர் 1984-ல் இங்கிலீஷ் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். இவர்கள் எல்லாரும் வளர்ந்த மனிதர்கள். எதில் இறங்குகிறோம் என்று தெரிந்து இறங்கியவர்கள்.

1994-ல் வந்தது ஒரு பையன்.

குற்றாலீஸ்வரன் ஈரோட்டில் 1981 நவம்பரில் பிறந்தவர், சென்னையில் வளர்ந்தவர். 12 வயதில் பாக் நீரிணையைக் கடந்தார். அதே வருஷம் ஆகஸ்டில் இங்கிலீஷ் கால்வாய். அதன் மிகக் குறுகிய இடமே 33 கிலோமீட்டர். கோடையிலும் தண்ணீர் 15 முதல் 18 டிகிரிக்குள்தான் இருக்கும். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் தண்ணியைக் கொஞ்சம் வெளியில வெச்சிருந்தா எப்படி இருக்குமோ அப்படி. ஒரே ஆண்டில் 6 நீரிணைகளை நீந்தி மிஹிர் சென்னின் சாதனையைத் தாண்டினார். 1996-க்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் பள்ளி மாணவர்.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் பிள்ளை பெற்றவர்கள் எல்லார் வாயிலும் இந்தப் பேர் இருந்தது என்று அப்பா சொல்வார். பேப்பரில் வந்த போட்டோவை வெட்டி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். எனக்கு நினைவு தெரிந்தபோது அது பழுப்பேறிப் போயிருந்தது.

பிறகு என்ன ஆச்சு? பணம் கொடுத்துத் தூக்கிவிட ஆள் இல்லாததைப் பற்றிக் குற்றாலீஸ்வரனே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். படிப்புப் பக்கம் போனார், பொறியியல் படித்தார், அமெரிக்கா போனார். நான் இதைப் படிக்கும்போது சிரிச்சுட்டேன். கடலையே நீந்திக் கடந்தாலும் கடைசியில நம்மள மாதிரி இன்ஜினியரிங்தான்!

படகில் இருப்பவர் கை

இங்கிலீஷ் கால்வாய் நீச்சலில் ஒரு விதி உண்டு. எனக்கு முழு விஷயமும் இங்கேதான் புரிய ஆரம்பித்தது.

நீந்துகிறவர் கூடவே ஒரு படகு வரும். அதில் படகோட்டி, பயிற்சியாளர், சங்கத்தின் பார்வையாளர் இருப்பார்கள். சாப்பாடு, சூடான பானம் எல்லாம் கயிற்றில் கட்டியோ கோலில் நீட்டியோதான் கொடுக்க வேண்டும். நீந்துகிறவர் படகைத் தொடக்கூடாது. படகில் இருக்கிறவர்களும் அவரைத் தொடக்கூடாது. தொட்டால் நீச்சல் அந்த நொடியே முடிந்தது. 20 கிலோமீட்டர் போயிருந்தாலும் சரி, கரைக்கு 200 மீட்டர் இருந்தாலும் சரி.

அக்கா அனுப்பின பிடிஎஃப்-ல இருந்த அதே விதி!

நாம் இதை நேர்மைக்கான விதி என்று நினைப்போம். யாரும் ஏமாற்றி இழுத்துக்கொண்டு போகக் கூடாது, அதற்காக. அது உண்மைதான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கு. எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் சொல்லாமல், ஒரு கை நீட்டினாலே போட்டி நின்றுவிடும். நீந்துகிறவர் நீட்டினாலும் நிற்கும், படகில் இருப்பவர் நீட்டினாலும் நிற்கும். வளர்ந்தவர்கள் விஷயத்தில் இது எளிது. 12 வயதுப் பிள்ளை தண்ணீரில் இருக்கிறான், படகில் அப்பாவும் கோச்சும் நிற்கிறார்கள், வீட்டை அடகு வைத்துச் செலவு பண்ணியிருக்கிறார்கள், ஊரே காத்திருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பிள்ளை "போதும்" என்று சொல்வானா? சொன்னால் யாராவது காதில் வாங்குவார்களா?

1988 செப்டம்பர் 6 அன்று, லண்டனைச் சேர்ந்த தாமஸ் கிரிகரி என்ற சிறுவன் பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்கு 11 மணி 54 நிமிடத்தில் நீந்திச் சேர்ந்தான். அப்போது அவனுக்கு 12 வயது முடியவில்லை. 11 வயது 11 மாதம். கால்வாயைக் கடந்தவர்களிலேயே மிக இளையவர் என்ற அந்தச் சாதனை இன்றும் அவர் பேரில்தான் இருக்கிறது. உடைக்க முடியாது. ஏனென்றால் கால்வாய் நீச்சல் சங்கம் வயது வரம்பைக் கொண்டு வந்துவிட்டது. இப்போது 16 வயது ஆனால்தான் கால்வாயில் இறங்க முடியும். கிரிகரி வளர்ந்த பிறகு ஒரு புத்தகம் எழுதினார். பெயர் 'எ பாய் இன் தி வாட்டர்'. தண்ணீரில் இருந்த பையனின் கண் வழியாகவே அந்த நாட்களைச் சொல்கிறார். கோச் மீது வைத்திருந்த முழு நம்பிக்கையையும் குளிரையும்.

வயது வரம்பு வந்ததால் குற்றாலீஸ்வரன் செய்ததை இனி எந்த 12 வயதுப் பிள்ளையும் இங்கிலீஷ் கால்வாயில் செய்ய முடியாது. பாக் நீரிணையில் கதை தொடர்கிறது. 2019-ல் தேனியைச் சேர்ந்த 10 வயதுப் பையன் ஒருவன் அதைக் கடந்தான். 2022-ல் ஆட்டிசம் உள்ள 13 வயது ஜியா ராய், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை சுமார் 13 மணி நேரத்தில் நீந்தி வந்தார். கேட்கும்போது எனக்கு நிஜமாகவே புல்லரித்தது. புல்லரிக்கிறது ஒரு பக்கம், படகில் யார் இருந்தாங்க என்ற கேள்வி இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்தே வெச்சுக்கணும்னு நினைக்கிறேன்.

நிறுத்த ஆளில்லாத ஓட்டம்

படகே இல்லாத கதை ஒன்று உண்டு. உங்களில் கொஞ்சப் பேருக்கு நினைவிருக்கும்.

2006 மே 2. ஒடிஷா. புதியா சிங் என்ற 4 வயதுக் குழந்தை பூரியிலிருந்து புவனேஸ்வர் நோக்கி ஓடினான். 65 கிலோமீட்டர். 7 மணி 2 நிமிடம். மே மாத வெயில். கூடவே சிஆர்பிஎஃப் வீரர்கள் ஓடினார்கள், கேமராக்கள் ஓடின, ஜனங்கள் கைதட்டினார்கள். கடைசியில் குழந்தை தளர்ந்து விழுந்தான். லிம்கா சாதனைப் புத்தகத்தில் பெயர் வந்தது.

புதியா புவனேஸ்வரின் குடிசைப் பகுதியில் பிறந்தவன். அப்பா இல்லை. அம்மா வறுமையில் அவனை 800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டார் என்று செய்திகள் வந்தன. ஜூடோ பயிற்சியாளர் பிரஞ்சி தாஸ் அவனைத் தன்னிடம் கூட்டிவந்து வளர்த்தார், ஓட வைத்தார். சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்தவரும் அவர்தான், ஓடச் சொன்னவரும் அவர்தான். இதில் அவரைத் தெய்வம் என்றவர்களும் உண்டு, சுரண்டுகிறார் என்றவர்களும் உண்டு. மருத்துவர்கள் பரிசோதித்து, ஊட்டச்சத்துக் குறைவும் இதயத்துக்கு அழுத்தமும் இருப்பதாகச் சொன்னார்கள். அரசு நெடுந்தூர ஓட்டத்துக்குத் தடை போட்டது. 2007-ல் புதியா அரசு விளையாட்டு விடுதிக்குப் போனான். 2008 ஏப்ரலில் பிரஞ்சி தாஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். 2016-ல் இந்தக் கதை படமாகவே வந்தது, தேசிய விருதும் வாங்கியது. புதியா ஒலிம்பிக் மேடைக்குப் போகவில்லை.

பிரஞ்சி தாஸ் நல்லவரா கெட்டவரா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. அந்த 65 கிலோமீட்டரிலும் கூட ஓடியவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள், படம் பிடித்தவர்கள் என்று அத்தனை பெரியவர்கள் இருந்தும், "இங்கே நிறுத்து" என்று சொல்வது என் வேலை என்று யாருக்கும் எழுதித் தரப்படவில்லை. இங்கிலீஷ் கால்வாயில் படகோட்டிக்கு அந்த அதிகாரம் இருந்தது. இங்கே ரோட்டில் யாருக்கும் இல்லை.

உடம்பு விஷயமும் சும்மா இல்லை மக்களே. குழந்தைகள் குட்டிப் பெரியவர்கள் கிடையாது. அவர்கள் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் குளிர்ந்த தண்ணீரில் உடம்புச் சூடு சீக்கிரம் போய்விடும். வெயிலில் வெளிச்சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்வார்கள், வியர்வையும் பெரியவர்களைவிடக் குறைவாகத்தான் சுரக்கும். எலும்பு முனைகளில் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் அடி வாங்குவது அந்த இடம்தான். 50 மீட்டர், 500 மீட்டர் என்று குழந்தைகள் போட்டியில் தூரத்தைச் சுருக்கி வைப்பதற்கு இதெல்லாம் காரணம்.

அதைவிட முக்கியமானது ஒன்று. களைப்பை வார்த்தையில் சொல்லத் தெரியாது. "கால் வலிக்குது" என்று சொல்லும், அல்லது எதுவுமே சொல்லாது. எதுவுமே சொல்லாத குழந்தையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஹாலில் மாட்டிய சர்டிஃபிகேட்

புதியா டிவியில் ஓடிய அதே 2006-ல் எனக்கு 9 வயசு. எங்க பக்கத்துல ஒரு கோடை ஸ்கேட்டிங் கேம்ப் நடந்தது. கடைசி நாள் "சாதனை நிகழ்ச்சி". பிள்ளைகள் இத்தனை மணி நேரம் நிற்காமல் ஸ்கேட்டிங் பண்ணுவாங்க, பேப்பர்ல வரும் என்றார்கள். யார் நடத்தினது, எந்த கிரவுண்டு என்பதெல்லாம் வேண்டாம். அப்போ பூந்தமல்லிப் பக்கம் மாசத்துக்கு ஒரு பேனர் இந்த மாதிரி தொங்கும்.

இரண்டாவது மணி நேரத்தில் எனக்கு பாத்ரூம் போகணும். கோச்சிடம் சைகை காட்டினேன். அவர் "சுத்து, சுத்து" என்று கையை ஆட்டினார். நின்றால் மொத்தப் பேரோட சாதனையும் போயிடும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் சுற்றிக்கொண்டே டிரவுசரை நனைத்துவிட்டேன். வெயிலில் அது காய்ந்தும் போச்சு. ஒவ்வொரு சுற்றிலும் சாமியானா பக்கம் அப்பா கைதட்டிக்கொண்டு நிற்பது தெரியும். நானும் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

அந்த சர்டிஃபிகேட் இன்றைக்கும் எங்க வீட்டு ஹாலில், காலண்டர் பக்கத்தில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கு. இதை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

ஃபார்ம் வந்த அன்று ராத்திரி சொன்னேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தெரியும்டா" என்றார். "வண்டில வரும்போது வாடை வந்துச்சு. வீட்டுக்கு வந்து அம்மா டிரவுசரை ஊற வெச்சா. நீ சொல்லல, நானும் கேக்கல. அதுக்கப்புறம்தான் பீரோல இருந்த அந்தப் பையன் போட்டோவ எடுத்தேன். ஒவ்வொரு தடவ கதவைத் தொறக்கும்போதும், அவன் சிரிக்கிறானா இல்லையான்னு பாக்கத் தோணுச்சு."

போட்டோ பழசாகிக் கிழிந்துவிட்டது என்றுதான் நான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

அப்பாவுடைய பயம் தூரத்தைப் பற்றியது இல்லை என்று அன்று புரிந்தது. அக்காவிடம் அந்த இரண்டு விதிகளையும் மறுபடி படித்துக் காட்டினேன். பாப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவள் மொழியில் சொன்னோம். "நடுவுல எப்ப வேணும்னாலும் கையைத் தூக்கலாம். தூக்கினா உடனே வெளிய எடுத்துடுவாங்க. யாரும் திட்ட மாட்டாங்க."

"தாத்தாவும்?"

"தாத்தாவும்."

அக்கா கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை

நாங்க இருக்கிறது சென்னீர்குப்பம். பூந்தமல்லி–ஆவடி ரோட்டில் தண்ணி லாரிக்கு நடுவுல பெரியவனே சைக்கிள் ஓட்ட முடியாது. பாப்பா எங்க தெருவுக்குள்ளேயே, பால் பூத்திலிருந்து பிள்ளையார் கோயில் வரைக்கும் போய்ப் போய்த்தான் பழகினாள். போட்டி அன்று காலையில் ஐந்து மணிக்கே கிளம்பினோம். மாமா சைக்கிளை டிக்கியில் கட்டினார். அப்பா வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவர், நாங்க செருப்புப் போடும்போது சட்டையோடு வந்து நின்றார்.

குளம் 25 மீட்டர். போய்த் திரும்ப வேண்டும். விசில் அடித்ததும் எட்டு குழந்தைகள் குதித்தார்கள். பாப்பா முதல் 25 மீட்டர் நன்றாகத்தான் போனாள். திரும்பி வரும்போது பாதியில் நின்று மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டு இளைப்பாற விதியில் இடம் உண்டு. கரையில் எல்லாரும் கத்தினார்கள். "போ, போ, கமான், கொஞ்சம்தான்!" நானும் கத்தினேன் என்பதை மறைக்க மாட்டேன். இவ்வளவு படிச்சுட்டும் கத்தினேன்.

அப்பா மட்டும் கத்தவில்லை. முட்டி வலியோடு குளத்து விளிம்பில் குந்தி உட்கார்ந்தார். கையை நீட்டவில்லை, முழங்கால் மேல் வைத்திருந்தார். அவ்வளவுதான். பாப்பா அவரைப் பார்த்தாள். அப்புறம் கையைத் தூக்கினாள்.

லைஃப்கார்டு அக்கா இரண்டு எட்டில் வந்து அவளைத் தூக்கிக் கரையில் விட்டார். போட்டி முடிந்தது. அவள் பெயருக்கு எதிரே 'முடிக்கவில்லை' என்று குறித்துக்கொண்டார்கள். அவள் அழவில்லை. மூக்கில் தண்ணி போயிடுச்சு என்றாள். துண்டைச் சுற்றிக்கொண்டு ஐந்து நிமிஷம் தாத்தா மடியில் உட்கார்ந்தாள். பிறகு, "சைக்கிள் ஓட்டலாமா?" என்று கேட்டாள். அங்கிருந்த ஒரு வாலன்டியர், "கணக்குல வராது, ஆனா ஓட்டலாம்" என்றார். ஓட்டினாள். ஓடவும் செய்தாள். கடைசி நூறு மீட்டரில் ஒரு நாய்க்குட்டியைப் பார்த்து நின்று, பிறகு நடந்து வந்தாள். மெடல் கிடையாது. வாழைப்பழமும் மோரும் கிடைத்தது.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஹாலில் அப்பா ஸ்டூல் போட்டு ஏறியிருந்தார். என் ஸ்கேட்டிங் சர்டிஃபிகேட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "இத எடுத்துடவாடா?" என்றார். எடுங்கப்பா என்றேன். ஆணியை அப்படியே விட்டுட்டார்.

இவ்வளவுதான் மக்களே. உங்க வீட்டுல ஒரு குழந்தை போட்டி, கேம்ப், சாதனை என்று எதற்காவது கிளம்பினால், தூரம் எவ்வளவு, மெடல் என்ன கலர் என்பதற்கு முன்னாடி இதைக் கேளுங்க: யார் நிறுத்துவாங்க? அது யாருன்னு பேரோட பதில் வரலைன்னா ஃபார்மைத் திருப்பிக் கொடுத்துடுங்க. பேரோட வந்தால், தாராளமா அனுப்புங்க. நல்லா இருக்கும்.

பாப்பா அடுத்தது எப்போ என்று கேட்டுட்டே இருக்கா. மூக்கில் மாட்ட ஒரு கிளிப் வாங்கித் தரச் சொல்லியிருக்கா. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.